சைல்டு சீட்டுக்கு அடியில் எதை விரிக்கலாம்?

வேலூரில் புதுக் கார் எடுப்பவர்களில் பலர், கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு அடுத்து வண்டியை நிறுத்துவது சீட் கவர் கடையில்தான். கம்பெனி கொடுத்த துணி சீட்டின் மேல் ரெக்ஸின் ஏறுகிறது. இன்னும் சிலர் ஷோரூமிலிருந்து வந்த பாலிதீன் உறையையே மாதக்கணக்கில் கழற்றுவதில்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய சீட்டின் மேல் ஒருநாள் குழந்தைக்கான சைல்டு சீட் வந்து உட்காருகிறது. அதன் பிளாஸ்டிக் அடிப்பாகம் அழுத்திப் பள்ளம் விழுகிறது, ஓரம் கீறுகிறது, இடுக்கில் பாலும் பிஸ்கட் தூளும் சேர்கின்றன. 'அடியில் ஏதாவது விரித்துவிட்டால் என்ன?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

விரிக்கலாம். ஆனால் அது மெல்லியதாக இருக்க வேண்டும், வழுக்கக்கூடாது, சைல்டு சீட்டோடு வந்த கையேடும் அதை அனுமதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விரிக்காமல் இருப்பதே சரி. ஏன் இவ்வளவு கறார் என்பதைப் புரிந்துகொள்ள, சைல்டு சீட் காரில் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

சைல்டு சீட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது

சைல்டு சீட்டைக் காரோடு இணைக்க இரண்டு வழிகள் உண்டு.

1. சீட் பெல்ட். பெரியவர்கள் போடும் அதே பெல்ட்டை சைல்டு சீட்டின் உடம்பில் உள்ள துளைகள் வழியே கோத்து இறுக்குவது. பெல்ட் கடந்துபோகும் அந்தப் பாதைக்கு 'பெல்ட் வழி' என்று பெயர் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

2. ஐசோஃபிக்ஸ். பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில், காரின் உடம்போடு பற்றவைத்த இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். இரண்டுக்கும் இடையே 28 செ.மீ. இடைவெளி. சைல்டு சீட்டின் கொக்கிகள் 'க்ளிக்' என்று அவற்றைக் கவ்விக்கொள்ளும். இத்தோடு, முன்பக்கம் கவிழாமல் தடுக்க ஒரு மேல் பட்டையோ, காரின் தரையில் ஊன்றும் தாங்குகாலோ சேர்ந்து வரும்.

இரண்டு வழியிலும் பொதுவான ஒன்று உண்டு. பெல்ட்டோ கொக்கியோ மட்டும் சீட்டைப் பிடித்து நிறுத்துவதில்லை. அவை சைல்டு சீட்டைக் காரின் மெத்தைக்குள் அழுத்திப் பிடிக்கின்றன. மெத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. இந்த இழுபறியில்தான் அது ஆடாமல் நிற்கிறது. ஆக, காரின் மெத்தையும் பாதுகாப்பில் ஒரு பங்காளி. நடுவில் நாம் நுழைக்கும் எதுவும் இந்தக் கூட்டணிக்குள் புது ஆள்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அடியில் என்ன விரிக்கலாம் என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசுவதில்லை.

மூன்று சென்டிமீட்டர் என்ன செய்துவிடும்?

50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அது 0.1 நொடியில் சுழியாக வேண்டுமென்றால், உள்ளே இருப்பவர்கள் மேல் விழும் இழுவை புவியீர்ப்பைப் போல் 14 மடங்கு. 10 கிலோ குழந்தை, 8 கிலோ சைல்டு சீட், ஆக 18 கிலோ. அந்தக் கணத்தில் பெல்ட்டோ கொக்கியோ தாங்க வேண்டியது சுமார் 250 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. 'மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்' என்று சொல்பவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இப்போது அடியில் ஒரு தடிமனான ஸ்பாஞ்ச் மேட் இருக்கிறது. வீட்டு வாசலில் பொருத்தும்போது அதன் மேல் முழங்காலை ஊன்றி பெல்ட்டை இறுக்கியாயிற்று. கையால் ஆட்டினால் அசையவில்லை. ஆனால் கை கொடுக்கும் அழுத்தம் வேறு, 250 கிலோ கொடுக்கும் அழுத்தம் வேறு. மோதலின்போது சைல்டு சீட் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் பாய்கிறது. ஸ்பாஞ்ச் அப்பளம்போல் நசுங்குகிறது. மேட் நசுங்கிய அளவுக்கு பெல்ட் தொளதொளக்கிறது. பெல்ட் நீளவில்லை, அது சுற்றிப் பிடித்திருந்த பொருள் சிறுத்துவிட்டது.

அந்தத் தொய்வு 3 செ.மீ. என்று கொள்வோம். மேலே சொன்ன அதே மோதலில், பெல்ட் பிடிக்கத் தொடங்குவதற்குள் ஏறக்குறைய 0.02 நொடி போய்விடுகிறது. அதற்குள் கார் வேகம் குறைந்திருக்கும், குழந்தை பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. அதாவது பெல்ட் மெல்லத் தாங்கிப் பிடிப்பதற்குப் பதிலாக வெடுக்கென்று இழுத்து நிறுத்துகிறது. தலை முன்னே போகும் தூரமும் கூடுகிறது. இது எளிமையாக்கிய கணக்குதான். உண்மையான மோதலில் வேகம் இவ்வளவு சீராகக் குறையாது. ஆனால் தொய்வு எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

சோதனைக்கூடத்திலும் இதைத்தான் அளக்கிறார்கள். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நடப்பில் இருந்த, சைல்டு சீட்டுகளுக்கான ஆர்44 விதிப்படி நேர்மோதல் சோதனை 50 கி.மீ. வேகத்தில் நடந்தது, முன்னோக்கி உட்காரும் பொம்மையின் தலை 55 செ.மீ.க்கு மேல் முன்னே வரக்கூடாது. இந்தியாவின் ஏஐஎஸ்-072 தரம் அந்த விதியை ஒட்டி எழுதப்பட்டதுதான். சோதனை மேடையில் இருப்பது குறிப்பிட்ட வகை மெத்தை மட்டுமே. அதன் மேல் யாரும் மேட் விரித்துச் சோதிப்பதில்லை. மேட் விற்பவர் அட்டைப்பெட்டியில் 'கிராஷ் டெஸ்ட் செய்தது' என்று அச்சடித்திருந்தால், எந்த சைல்டு சீட்டோடு, எந்தக் காரில் என்று கேளுங்கள். அந்த ஜோடி உங்களுடையதாக இல்லாவிட்டால் அந்த வரியால் உங்களுக்குப் பயனில்லை.

இதனால்தான் நிறுவனங்களும் ஆளுக்கொன்று சொல்கின்றன. சில எதையுமே விரிக்காதே என்கின்றன. சில தங்கள் சொந்த மேட்டை மட்டும் அனுமதிக்கின்றன. சில மெல்லிய துண்டு பரவாயில்லை என்கின்றன. உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டுக்குச் சொன்னது உங்கள் சீட்டுக்குப் பொருந்தாது.

ஏற்கெனவே விரித்தாயிற்று: சீட் கவர்

வெளிநாட்டுக் கையேடுகளைப் படிப்பவர்கள் மேட்டைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். நம் ஊரில் மேட் வருவதற்கு முன்பே ஓர் அடுக்கு போட்டாயிற்று. பாதுகாப்பு என்ற கண்ணால் பார்த்தால், கடையில் தைத்துப் போட்ட சீட் கவரும் சைல்டு சீட்டுக்கும் காருக்கும் நடுவில் நுழைந்த ஒரு விரிப்புதான். அதில் பார்க்க வேண்டியவை நாலைந்து:

1. உள் ஸ்பாஞ்ச். 'பஞ்சுபோல் இருக்க வேண்டும்' என்று கேட்டு, ரெக்ஸினுக்கு அடியில் ஒரு பட்டை ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பது வழக்கம். மேலே சொன்ன நசுங்கும் வேலையை இதுவும் செய்யும். பின்சீட்டுக்காவது ஸ்பாஞ்ச் இல்லாமல் தைக்கச் சொல்லுங்கள்.

2. மூடிப்போன வளையங்கள். ஐசோஃபிக்ஸ் இடுக்கின் மேலேயே துணியை இழுத்துத் தைத்துவிடுவது உண்டு. கார் வாங்கியவருக்கே தன் வண்டியில் அந்த வளையம் இருப்பது தெரியாமல் போகிறது. தைப்பதற்கு முன்பே, 'அண்ணா, ஐசோஃபிக்ஸ் கம்பி வெளியே தெரியணும், அந்த இடத்துல திறப்பு விட்டுத் தைங்க' என்று சொல்லிவிட வேண்டும். தைத்த பிறகு பிளேடால் கீறிவிட்டால் பிசிறு நூல் கொக்கிக்குள் சிக்கும். கொக்கி பாதி கவ்வி நிற்கும்.

3. புதைந்த பக்கிள். பெல்ட் பக்கிள் கவருக்குள் பாதி மூழ்கி, குனிந்து நின்றால், அதைத் தேடிப் பூட்டுவது ஒரு வேலை; ஆபத்தில் கழற்றுவது இன்னொரு வேலை.

4. தளர்வு. அளவெடுக்காமல் வாங்கிப் போட்ட கவர் மெத்தை மேல் நகரும். சைல்டு சீட் கவரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும், கவரோ மெத்தையைப் பிடித்திருக்காது.

5. முன் சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக். முன்சீட்டின் முதுகு ஓரத்தில் ஏர்பேக் என்ற சின்னத் துணிச்சீட்டு தெரிந்தால், அந்தப் பக்கத்தை மூடித் தைக்கும் சாதாரண கவர் வேண்டாம். ஏர்பேக் விரியும் இடத்தில் பிய்ந்து வழிவிடும் தையல் தேவை. சைல்டு சீட்டோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை. ஆனால் அதே கடையில், அதே நாளில் கேட்க வேண்டியது.

பாலிதீன் உறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வழுக்கும், வியர்க்கும், சத்தம் போடும். சைல்டு சீட் வைப்பதற்கு முன் அதைக் கழற்றித் தூர எறியுங்கள்.

தோல் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழவழப்பான தோலில் முதலைத்தோல் போன்ற அச்சு எப்படி விழுகிறது? சூடான தகட்டை வைத்து அழுத்தினால் விழுகிறது. சூடும் அழுத்தமும், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு அதைவிட மிகவும் அதிகம். அதற்குள் சைல்டு சீட்டின் விளிம்பு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால், தோல் தொழிற்சாலை ஒரு சில நொடியில் செய்வதை அது நிதானமாகச் செய்கிறது.

சூட்டால் வரும் இன்னொரு கேடு கறை. ரெக்ஸின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிவிசி பூச்சு போட்ட துணி. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் கசிந்து வெளியே வரும். அதன் மேல் கருப்பு ரப்பர் மேட்டையோ, சமையலறை அலமாரியில் போடும் வலை விரிப்பையோ போட்டு வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் வலையின் அச்சு அப்படியே இருக்கும், மஞ்சளாகவோ பழுப்பாகவோ. சீட்டைக் காப்பாற்ற வாங்கிய பொருளே சீட்டைக் கெடுக்கும் கதை இது. அந்த வலை விரிப்பு வழுக்காது, மெல்லியது, சில சைல்டு சீட் நிறுவனங்கள் அனுமதிப்பதும் உண்டு. துணி சீட்டில் சரி. வெளிர் நிற ரெக்ஸினில் வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் விரிப்பது? துண்டை அனுமதிக்கும் கையேடு என்றால், ஈரிழைத் துண்டு ஒன்று, ஒற்றை அடுக்காக. அல்லது துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய குடியாத்தம் கைலி. மடித்துப் போடக்கூடாது. சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். பெல்ட் வழிக்குள்ளோ கொக்கிகளின் வழியிலோ துணியின் ஓரம் புகக்கூடாது. தேங்காய்ப்பூத் துண்டு மெத்தென்று இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அந்த மெத்துதான் பிரச்சினை. கீறலையும் தூசியையும் ஈரிழைத் துண்டு தடுக்கும். பள்ளத்தைத் தடுக்காது. பள்ளத்தைத் தடுக்கிற அளவுக்குத் தடிமனான எதுவும் நசுங்கும் அளவுக்கும் தடிமனானதாகத்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

வீட்டு வாசலிலேயே சோதிப்பது எப்படி

பத்து நிமிட வேலை. துணி காயப்போடும் கிளிப் ஒன்று போதும்.

1. முதலில் எதுவும் விரிக்காமல் சைல்டு சீட்டைப் பொருத்துங்கள். பெல்ட் வழி இருக்கும் இடத்தில் ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் இழுங்கள். அங்கே ஓர் அங்குலத்துக்கு மேல், அதாவது 2.5 செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. தலைமாட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள். அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். வெறும் சீட்டிலேயே ஆடுகிறது என்றால் கோளாறு பொருத்திய விதத்தில். விரிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

2. இப்போது விரிப்பைப் போட்டு மறுபடி இறுக்குங்கள். மேலே சொன்னபடி இழுத்துப் பாருங்கள்.

3. பெல்ட் சைல்டு சீட்டுக்குள் நுழையும் இடத்தில், பெல்ட் மேல் கிளிப்பை மாட்டி அடையாளம் வையுங்கள். பேனாவால் கோடு போட வேண்டாம்.

4. பெல்ட்டைக் கழற்றி, விரிப்பை உருவி எடுத்துவிட்டு, கிளிப் பழைய இடத்துக்கு வரும்வரை மட்டும் இறுக்குங்கள். இப்போது இழுத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் ஆடினால், விரிப்பு இருந்தபோது தெரிந்த இறுக்கம் பொய். விரிப்பு நசுங்கினால் இதே தொய்வுதான் மிஞ்சும்.

5. ஐசோஃபிக்ஸ் என்றால் கிளிப் வேண்டாம். கொக்கிகளை உள்ளே தள்ளும்போது எத்தனை 'க்ளிக்' கேட்கிறது என்று விரிப்போடும் விரிப்பில்லாமலும் எண்ணுங்கள். விரிப்பு இருக்கும்போது எண்ணிக்கை குறைந்தால் அது சீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் பச்சை அடையாளம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

முடித்ததும் கிளிப்பை எடுத்துவிட்டு முழுதாக இறுக்குங்கள். பெல்ட்டில் கிளிப்போடு வண்டியை எடுக்கக்கூடாது.

பூஸ்டர் சீட் வேறு கதை

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டரில் தனி வார் கிடையாது. காரின் பெல்ட்தான் பிள்ளையையும் பிடிக்கிறது, பூஸ்டரையும் பிடிக்கிறது. பல பூஸ்டர்கள் காரோடு இணைக்கப்படாமல் சும்மா வைக்கப்பட்டவை. அடியில் வழுக்கும் மேட் இருந்தால் மோதலில் பூஸ்டர் முன்னே சறுக்கும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறும். நீர்மூழ்கிக் கப்பல் அடியில் நழுவுவதைப்போல் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவுவதால் இதை 'சப்மரைனிங்' என்கிறார்கள். எலும்பு தாங்க வேண்டிய அடி குடலுக்கும் கல்லீரலுக்கும் போய்விடும்.

இதே காரணத்தால் சீட் பளபளக்க அடிக்கும் சிலிக்கான் பாலிஷையும் பின்சீட்டில் தவிர்த்துவிடுங்கள். வாட்டர் வாஷ் விடும்போது அவர்களாகவே அடித்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கால் வைக்கும் தரை

தாங்குகால் உள்ள சைல்டு சீட் என்றால் இன்னோர் இடத்திலும் மெத்தைச் சிக்கல் உண்டு. 7டி மேட் என்று விற்கும் தடித்த தரை விரிப்பு இப்போது எல்லா வண்டியிலும் இருக்கிறது. மோதலில் தாங்குகால்தான் சீட் கவிழாமல் முட்டுக்கொடுக்கிறது. அது ஸ்பாஞ்ச் மேட்டின் மேல் நின்றால் முட்டுக்கொடுக்கும் முன் மேட்டுக்குள் புதையும். தாங்குகால் நிற்கும் பக்கத்து மேட்டை எடுத்துவிட்டு காரின் தரையிலேயே ஊன்றுங்கள். தரைக்கு அடியில் சாமான் வைக்கும் குழிப்பெட்டி உள்ள வண்டி என்றால், அதன் மூடி மேல் ஊன்றலாமா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

அடியில் தடுப்பதைவிட மேலே தடுப்பது

சீட்டுக்கு வரும் கேட்டில் பாதி மேலிருந்து வருகிறது. ஆற்காடு மக்கன் பேடாவின் பாகு ஒரு சொட்டு விழுந்தால் போதும், அடுத்த வாரம் எறும்பு வரிசை. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதோ எட்டாவதோ வரும்போது குடித்த பால் வெளியே வரும்.

இதற்கு அடியில் விரித்துப் பயனில்லை. குழந்தைக்கு வார்களை மாட்டி இறுக்கிய பிறகு, வார்களுக்கு மேலே, நெஞ்சிலிருந்து மடிவரை ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். அழுக்கானால் உருவி மடித்துப் பையில் போட்டு இன்னொன்றை எடுக்கலாம். வார்களுக்கு அடியிலோ குழந்தையின் முதுகுக்குப் பின்னாலோ கூடுதல் மெத்தை, தனியாக வாங்கிய நனையாத் திண்டு இவை கூடாது. அதே தொய்வுக் கணக்கு அங்கேயும் உண்டு. ஓடும் வண்டியில் தின்னக் கொடுக்காமல் இருந்தால் சீட்டும் பிழைக்கும், புரையேறும் பயமும் இல்லை.

முன்னோக்கி உட்காரும் குழந்தை ஷூவால் முன்சீட்டின் முதுகை உதைப்பதற்கு, அந்த முதுகில் கட்டும் மேட் தாராளமாகப் போடலாம். அது சைல்டு சீட்டைத் தொடுவதில்லை. முன்சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அதன் பட்டை ஏர்பேக் ஓரத்தைச் சுற்றாமல் கட்ட வேண்டும். அதன் பையில் தண்ணீர் பாட்டில், டேப்லெட் போன்ற கனமான சாமான்கள் வேண்டாம்.

கழற்றித் துடைப்பது

மாதம் ஒருமுறை சைல்டு சீட்டை முழுதாக வெளியே எடுத்து, வாக்குவம் போட்டு, மணலை நீக்குவதுபோல் சீட்டுக்கு நல்லது வேறில்லை. அடியில் சிக்கிய மணல்தான் உப்புத்தாள்போல் துணியைத் தேய்க்கிறது. ஈரம் பட்டிருந்தால் நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. பெல்ட்டையும் சைல்டு சீட்டின் வார்களையும் மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஊறவைப்பது, பிளீச்சிங் பவுடர், வாஷிங் மெஷின் இவை வார்களின் இழையைக் கெடுக்கும். திரும்பப் பொருத்தியதும் 2.5 செ.மீ. சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பள்ளம் இருக்கும். துணி சீட்டில் விழுந்த பள்ளம், சைல்டு சீட்டை எடுத்த சில நாட்களில் பெரும்பாலும் தானாக எழும்பும். வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து எடுத்தால் இன்னும் சீக்கிரம். தோலிலும் ரெக்ஸினிலும் பதிந்த கோடு முழுதாகப் போகாது. அது கண்ணை உறுத்தினால், ஸ்பாஞ்ச் வைத்த மெத்து மெத்தென்ற சீட் கவரை, பிள்ளை வளர்ந்து சைல்டு சீட் பரணுக்குப் போன பிறகு போட்டுக்கொள்ளலாம்.